சருமத்தின் பாதுகாப்பு அடுக்கு கெட்டுப்போனால் எந்த க்ரீம் வாங்கலாம்?

எது போட்டாலும் முகம் எரிகிறது, வெறும் தண்ணீர் பட்டால்கூடக் காந்துகிறது, பாதுகாப்பு அடுக்கு போய்விட்டது என்கிறார்கள், எந்த க்ரீம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பாத்ரூம் அலமாரியில் இப்போதே ஐந்தாறு பாட்டில் நிற்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த க்ரீம் என்று கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே நாலு க்ரீம் போட்டுக் கெடுத்துக்கொண்டவர்கள்தான். நானும் அந்தக் கூட்டம். உங்களுக்கு முகம், எனக்குக் கை.

நான் டாக்டர் இல்லை. ஊர் ராயக்கோட்டை, ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி இரும்பை வெட்டும் மெஷினை ஓட்டுகிறவன். 'ஆம்பளைக்கு எதுக்குடா க்ரீமு' என்று கேட்க நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம், அதை என் வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.

எங்கள் மெஷினில் வெட்டும் இடம் சூடேறாமல் இருக்கக் கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். பாகத்தை மாட்டும்போதும் கழற்றும்போதும் கை அதில்தான். எட்டு மணி நேரம் அப்படி ஊறிய கையை ஷிப்ட் முடிந்ததும் எப்படிக் கழுவுவோம் தெரியுமா? துணி துவைக்கும் சோப்புத் தூளோடு ஒரு பிடி மரத்தூள். அதிலும் போகாத கிரீஸ் என்றால் மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட். தேய்த்து முடித்தால் கை பளிச்சென்று, தோலை இழுத்துக் கட்டினாற்போல் விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பைத்தான் சுத்தம் என்று பதினோரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மார்கழியில் ஆரம்பித்தது. ஓசூர்ப் பனி தெரிந்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதே உதடு வெடிக்கும். முதலில் விரல் இடுக்கில் சிவப்பு, மோதிரத்துக்கு அடியில் அரிப்பு. அப்புறம் விரல் நுனிகள் காய்ந்து மினுமினுத்து, ரேகைக்குக் குறுக்கே வெடித்தன. வெடிப்பு சின்னதுதான், பிளேடால் கீறினாற்போல ஒரு கோடு. ஆனால் களி சாப்பிட உட்கார்ந்தால் உயிர் போகும். எங்கள் பக்கம் கேழ்வரகுக் களியைச் சுடச்சுடக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்குவோம். குழம்பின் உப்பும் புளியும் நேராக அந்தக் கோட்டுக்குள் இறங்கும். பொறுக்கமுடியாமல் ஒருநாள் ஸ்பூனை எடுத்தேன். "களிய ஸ்பூன்ல திங்கறவன இப்பதான்டா பாக்கறேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்து மெஷின்காரன் ஒரு ட்யூப் கொடுத்தான். "படை, சொறி, அரிப்பு, எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் மாமா." நாலே நாளில் கை குழந்தைக் கை மாதிரி ஆனது. நிறுத்தினேன், ஒரே வாரத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி போட்டேன். இப்படியே ஏழு ட்யூப். அதில் இருந்தது அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும் வீரியமான ஒரு ஸ்டீராய்டு, கூட ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக். 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. எனக்கு ஏழு ட்யூபுக்கும் கடையில் ஒருவரும் சீட்டுக் கேட்கவில்லை, நானும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பித்தது.

அடுத்து நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். கம்பெனி வாசலில் உள்ள வருகைப்பதிவு மெஷினுக்கு என் கைரேகை தெரியவில்லை. கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு, 'ப்ளீஸ் ட்ரை அகைன்'. பின்னால் முப்பது பேர் வரிசை. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன், நெற்றியில் தேய்த்து அந்தப் பிசுக்கோடு வைத்தேன், ம்ஹும். ரேஷன் கடையிலும் இதே கதை, அங்கே மனைவியின் விரல் இருந்ததால் அரிசி வந்தது. கம்பெனிக்கு மனைவியைக் கூட்டிப்போக முடியாதே. நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள் என்றார்கள், வாங்கினேன். மாதக் கடைசியில் பார்த்தால் நாலரை நாள் சம்பளம் காணோம். அந்த நாட்களில் நான் ஓட்டிய பாகங்களின் கணக்கு அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. பாகம் வந்திருக்கிறது, ஆள் மட்டும் வரவில்லையாம். கேட்டால் இந்த அறை அந்த அறை என்று அலையவிட்டார்கள். பதினோரு வருடத்தில் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டவனில்லை நான். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, விடுங்கள்.

அதற்குப் பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போனேன். அந்தம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையை எதுல கழுவறீங்க?" என்றார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

தோலின் மேல்மட்டம் செங்கல் சுவர் மாதிரியாம். உடம்பின் பெரும்பாலான இடங்களில் பதினைந்து இருபது வரிசை செத்த செல்கள், அவைதான் செங்கல். இடையில் பூசிய கலவை கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிப் போகாமலும், வெளியே உள்ள கண்டதும் உள்ளே இறங்காமலும் பிடித்து வைப்பது அந்தக் கலவைதான். உங்கள் முகத்தில் இந்தச் சுவரின் மொத்தக் கனம் ஒரு காகிதம்கூட வராது. சோப்புக்கு எது கிரீஸ், எது சுவரின் கொழுப்பு என்று தெரியாது, இரண்டையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதோடு தோல் லேசான புளிப்புத்தன்மை உள்ளது, புளிப்பை அளக்கும் பி.ஹெச். கணக்கில் 5-ஐ ஒட்டி இருக்கும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). சாதாரண சோப்பு 9, 10. ஒருமுறை கழுவினால் பழைய நிலைக்குத் திரும்ப மணிக்கணக்காகும். "அது திரும்பறதுக்குள்ள நீங்க அடுத்த தடவ கழுவிடறீங்க" என்றார். உள்ளங்கையில் தோல் தடிமன்தான், ஆனால் அங்கே எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, அதனால் போன பசையைத் தானாக ஊற வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நான் சொல்வதாகப் படித்துவிடாதீர்கள். அவரும் எனக்கு ஒரு ஸ்டீராய்டுக் களிம்பைத்தான் எழுதினார், எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்ற கணக்கோடு. மற்றதெல்லாம் நிறுத்தச் சொன்னவைதான். சோப்புத் தூள், மரத்தூள், மண்ணெண்ணெய் மூன்றும் கிடையாது. முதலில் துணியால் கூலன்டைத் துடைத்துவிட்டு, மணமில்லாத மென்மையான திரவத்தால் கழுவி, ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பசையுள்ள க்ரீம். ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லியை அப்பிக்கொண்டு வெள்ளைப் பருத்திக் கையுறை. "ஏங்க, ட்ராஃபிக் போலீஸ் பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி இருக்குங்க" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பாகத்தை மாட்டிக் கழற்றும்போது நைட்ரைல் கையுறை. உள்ளே கூலன்ட் புகுந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெறுங்கையைவிட மோசம். ட்ரில்லிங் மெஷின் பக்கம் போனால் கையுறையே ஆகாது, சுழற்சியில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். என்னைப் போன்ற வேலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு வாரத்தில் வெடிப்பு மூடிக்கொண்டது. ஆறிவிட்டது என்று ஜெல்லியை விட்டேன், பத்தே நாளில் மறுபடி வெடித்தது. பார்வைக்கு ஆறினாலும் உள்ளே சுவர் கட்டி முடிய மாதக்கணக்காகும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. எனக்கு நாலு மாதம் ஆனது.

இதற்கிடையில் சொந்தக்காரர்களின் வைத்தியம் வேறு. எல்லாம் நம்ம ஊர் ப்ளோரைடு தண்ணீர்தான் காரணம் என்றார் பெரியப்பா. கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று எங்கள் பக்கத்து இரண்டு மாவட்டத்துக்கும் அந்தப் பெயர் உண்டு, அதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ப்ளோரைடு குடித்துக் குடித்துப் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற சங்கதி. தோலுக்கு வம்பு செய்வது போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அலசினாலும் போகாத ஒரு படிவாகத் தோலில் தங்கும். தோல் புளிப்பு என்றால் எலுமிச்சம்பழம் தேய்க்கலாமே என்றான் மச்சான். எலுமிச்சைச் சாறு பி.ஹெச். 2 பக்கம், தோலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு புளிப்பு. வெடித்த கையில் அதைத் தேய்த்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம். தேங்காய் எண்ணெயைக் குறை சொல்லமாட்டேன், வறண்ட காலுக்கு இப்போதும் அதுதான். பரு வரும் முகத்துக்கு மட்டும் யோசித்துப் போடுங்கள்.

உங்கள் முகத்துக்கு வருகிறேன். சீரம், ஸ்க்ரப், ஆசிட், பருவுக்கான ஃபேஸ்வாஷ் எல்லாவற்றையும் ஒரு மாதம் எடுத்து உள்ளே வையுங்கள். மணமில்லாத ஒரு ஃபேஸ்வாஷ் ராத்திரிக்கு மட்டும், காலையில் வெறும் தண்ணீர். சூடாக வேண்டாம். அப்புறம் செராமைடோ கிளிசரினோ உள்ள, மணமில்லாத ஏதோ ஒரு மாய்ஸ்சரைசர். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், இதில் அது பெரிய விஷயமில்லை. எரிச்சல் தணிந்த பிறகு சன்ஸ்க்ரீன். ஆனால் அந்த ஐந்தாறு பாட்டிலில் 'முகம் வெளுக்க' என்று யாராவது கொடுத்த ட்யூப் ஏதாவது இருந்தால் நான் சொன்னதையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு, அந்த ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம், நீண்ட நாள் போட்ட ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் இன்னும் சிவந்து எரியும்.

எனக்கு ரேகை திரும்பிவிட்டது. ரேஷன் கடையில் இப்போது முதல் தடவையிலேயே விழுகிறது. கம்பெனியில் அதற்குள் முகம் பார்க்கிற மெஷினை மாட்டிவிட்டார்கள். அந்த நாலரை நாள் சம்பளம் இன்னும் வரவில்லை.