நீங்கள் தேடுவது ‘ஹெக் ராம்சே’தான்

வணக்கம். பெயர் மறந்துபோன ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரைக் கேட்டிருந்தீர்கள்: வயதான துப்பாக்கிவீரர், கையில் பூதக்கண்ணாடியும் கைரேகை எடுக்கும் சாமானும், அவருக்கு மேலதிகாரியாக ஓர் இளம் போலீஸ் அதிகாரி என்று எழுதியிருந்தீர்கள். சந்தேகமே இல்லை, அது ‘ஹெக் ராம்சே’. 1972 முதல் 1974 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில், ‘கொலம்போ’ என்ற துப்பறியும் தொடர் வந்த அதே வரிசையில் மாறி மாறி வந்தது. மொத்தமே 10 படங்கள்தான். அதனால்தான் பலருக்கு நினைவில்லை. ராம்சேயாக ரிச்சர்ட் பூன் அற்புதமாகச் செய்திருப்பார்.

சரி, நீங்கள் எழுதும் கதைக்கு வருவோம். 1901இல் ஒக்லஹோமாவில் கைரேகையை வைத்துக் கொலைகாரனுக்குத் தண்டனை வாங்க முடியுமா என்று கேட்டீர்கள். நாயகன் ரேகை எடுக்கலாம்; கைரேகை பற்றி ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் எழுதிய புத்தகம் 1892லேயே வந்துவிட்டது. கல்கத்தாவில் 1897இல் கைரேகைப் பிரிவே இருந்தது. ரேகைகளை வகை பிரிக்கும் முறைக்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக்கும் ஹேமசந்திர போஸும். பெயர் வாங்கியது அவர்களுடைய மேலதிகாரி, ஆங்கிலேயரான எட்வர்ட் ஹென்றி. இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஆனால் அமெரிக்க நீதிமன்றம்? சிகாகோவில் தாமஸ் ஜென்னிங்ஸ் என்பவர் வழக்கில், புதிதாகப் பெயின்ட் அடித்த கைப்பிடிக் கம்பியில் பதிந்த விரல்தடம் சாட்சியானது. இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது 1911இல். ஆகவே உங்கள் நாயகன் ரேகையைக் காட்டிக் குற்றவாளியை மடக்கி, வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கட்டும். ஜூரி முன்னால் கொண்டுபோக வேண்டாம். அப்புறம், தோட்டாக்களை ஒப்பிடும் இரட்டை நுண்ணோக்கி 1920களில் வந்தது; உங்கள் கதையில் அதை வைத்து எழுதிய காட்சியை நீக்கிவிடுங்கள்.