பெட்டி எப்போது வரும்?

வணக்கம் ஐயா,

டூரிங் டாக்கீஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு வயது 61. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க்காரன். எங்களுக்கு ஒரே ஒரு கொட்டகைதான். மதுரையில் நூறு நாள் ஓடிய படம் எங்கள் ஊருக்கு வர எட்டு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். அதற்குள் மதுரைக்குப் போய் வந்தவர்கள் சண்டைக் காட்சி வரை நடித்தே காட்டிவிடுவார்கள். முதலாளி மகா கஞ்சன், காசு போட்டுப் புதுப்படம் எடுக்க மாட்டார் என்று ஊரே பேசும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இன்னொன்று. 'விரைவில் வருகிறது' என்று போஸ்டர் ஒட்டுவார்கள். அது வெயிலில் வெளுத்து உரியும், படம் வராது. சில படம் நாலு நாள் என்று மைக்கில் சொல்லிவிட்டு இரண்டாம் நாளே மாறிவிடும். எங்கள் ஊரில் எந்தப் படம் ஓடவேண்டும் என்று உண்மையில் முடிவு செய்தது யார்? பழைய தியேட்டர் பற்றி எழுதுகிறவர்கள் முறுக்கையும் மணலைக் குவித்து உட்கார்ந்ததையும் எழுதுகிறார்கள், இதை எழுதுவதில்லை. உங்கள் பெரியப்பா தியேட்டர் மேனேஜராக இருந்தவர் என்று சொல்லியிருந்ததால் கேட்கிறேன்.

எஸ்.
(முழுப்பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதலாளி கஞ்சனாகவும் இருந்திருக்கலாம். ஆனால் படம் தாமதமாக வந்ததற்கு அது காரணமில்லை. அவர் மடியில் பணத்தைக் கட்டிக்கொண்டு போய் நின்றிருந்தாலும் முதல் வாரத்தில் அந்தப் படத்தை அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

காரணம், பிரதி. இப்போது மாதிரி எங்கிருந்தோ வந்து இறங்கும் விஷயமில்லை அன்றைய சினிமா. தூக்கினால் கை வலிக்கும் ஒரு பொருள். 35 எம்.எம். ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் கிட்டத்தட்ட 15,000 அடி. ஆயிரம் அடி ஒரு ரீல். சென்சார் சர்டிபிகேட் திரையில் வந்ததும் '16 ரீல்டா!' என்று விசிலடித்தோமே, அந்தக் கணக்குதான். கச்சா ஃபிலிமுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த காலம் அது. கலர் வந்தபின் ஒவ்வொரு பிரதியின் செலவும் இன்னும் ஏறியது. அதனால் பெரிய நடிகர் படத்துக்கே தமிழ்நாடு முழுக்கச் சில பத்துப் பிரதிகள்தான் போடுவார்கள். கொட்டகைகளோ ஆயிரத்துக்கும் மேல்.

அந்தச் சில பத்தையும் ஏரியா ஏரியாவாகப் பிரித்துக்கொள்வார்கள். சென்னை நகரம் தனி. செங்கல்பட்டும் இரண்டு ஆற்காடுகளும் சேர்ந்து என்.எஸ்.சி. அப்புறம் கோவை, சேலம், திருச்சி–தஞ்சாவூர், திருநெல்வேலி–கன்னியாகுமரி. உங்கள் ஊர் மதுரை–ராமநாதபுரம் ஏரியாவில் வரும். தயாரிப்பாளரிடமிருந்து அந்த ஏரியாவை வாங்கிய விநியோகஸ்தரின் கையில் இருக்கும் ஐந்தாறு பிரதிகள்தான் அங்கேயுள்ள எல்லாக் கொட்டகைகளுக்கும். முதலில் மதுரை மாதிரியான 'ஏ' சென்டர். 1952-இல் திறந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே கூட்டம் குறையாத வரை பிரதியை எவனாவது இறக்குவானா? ஒருவழியாக இறங்கியதும் அடுத்த நிலை ஊர்களான 'பி' சென்டர்கள். அங்கே காய்ந்து முடிந்தபின் இன்னும் சின்ன ஊர்களான 'சி'. கடைசியில் டெண்ட் கொட்டகை. உங்கள் ஊர்த் திரையில் எப்போதும் மழை பெய்ததற்கும் இதுதான் காரணம். அத்தனை மெஷின்களின் பல்சக்கரத்தில் ஏறி இறங்கிய ஃபிலிம் கோடு விழாமல் எப்படி இருக்கும்?

பிரதியை இப்படி வாடகைக்குச் சுற்றவிடும் ஏற்பாடே பின்னால் வந்ததுதான். 1905-இல் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். சுருள் சொந்தம். கையில் இருப்பதையெல்லாம் ஓர் ஊருக்குக் காட்டி முடித்துவிட்டால் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். படம் மாறாது, ஊர் மாறும். படங்கள் வாடகைக்குச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் கொட்டகை ஒரே இடத்தில் நின்று பிழைக்க முடிந்தது. ஊர் மாறாது, பெட்டி மாறும். பெட்டி என்றால் ஃபிலிம் சுருள்களை அடுக்கி அனுப்பும் தகரப் பெட்டி. வின்சென்டே 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்.

சரி, பெட்டியை எப்படிப் பிடிப்பது? அதுதான் புக்கிங். ரசிகன் வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கும் புக்கிங்கைச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் நடப்பது. சென்னையில் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் மீரான் சாகிப் தெரு விநியோகஸ்தர் ஆபீஸ்களுக்குப் பெயர்போனது. எங்களுக்கு மதுரை. பெரியப்பா முதல் பஸ்ஸில் போவார். பள்ளிக்கூட லீவில் நானும் தொற்றிக்கொள்வேன். சினிமாக்காரர்கள் ஆபீஸ் என்று கனவோடு போனால் ஒரு மாடிப்படி, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கப் போஸ்டர், கணக்கெழுதும் ஒரு மனிதர். அவ்வளவுதான். பக்கத்து ஊர் மேனேஜர்களும் அதே பெஞ்சில் இருப்பார்கள். வெற்றிலையைப் பரிமாறிக்கொள்வார்கள். ஆனால் யார் எந்தப் படத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பேரம் மூன்று விதம். மினிமம் கேரண்டி என்றால் இவ்வளவு தொகைக்கு நான் பொறுப்பு என்று முன்னாலேயே கட்டிவிடுவது. அதற்கு மேல் வசூலானால் பேசியபடி பங்கு. படம் படுத்தால் கொட்டகைக்காரர் தலையில் துண்டு. பெர்சன்டேஜ் என்றால் வரி போக மிச்சத்தைப் பிரித்துக்கொள்வது. மூன்றாவது, ஃபிக்ஸட் ஹயர், மொத்த வாடகை. நாலு நாளுக்கு இவ்வளவு, லாபமோ நஷ்டமோ உன் பாடு. சின்ன ஊர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். படம் பழசாக ஆக ஹயர் இறங்கும். தரை டிக்கெட்டை நம்பிப் பிழைக்கும் கொட்டகைக்கு எந்த மாதத்தில் எடுத்தால் கட்டுபடியாகும் என்பது ஒரு கணக்கு. எட்டு மாதம் கழித்து வந்த படம் பெரும்பாலும் அந்தக் கணக்குப்படி சரியான நாளில்தான் வந்திருக்கும்.

எந்தப் படம் என்று முடிவு செய்தது யார் என்றீர்கள். முதலாளி இல்லை. அவர் பணம் போட்டார், முதல் நாள் பூஜைக்கு வந்தார். தேர்ந்தெடுத்தவர்கள் இந்த மேனேஜர்கள். பெரியப்பாவிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. அதில் சினிமாவைவிட ஊர் சமாச்சாரம்தான் அதிகம் இருக்கும். எந்தக் கோயிலுக்கு எப்போது பொங்கல், மிளகாய்க்கும் பருத்திக்கும் எப்போது காசு வரும், எந்த வாரம் பரீட்சை, எப்போது மழை பிடிக்கும். கையில் காசு புழங்கும் வாரத்துக்கு எம்.ஜி.ஆர். படம். பழைய எம்.ஜி.ஆர். படத்தை எத்தனையாவது தடவை போட்டாலும் ஹயர் தேறிவிடும், அந்தப் பெட்டிகள் ஆபீஸில் சும்மா கிடந்ததே இல்லை. ஆடி மாதத்துக்குச் சாமி படம். வறண்ட மாதங்களுக்கு விட்டலாச்சாரியாவின் தெலுங்கு டப்பிங்: பூதம், பாதாளம், மந்திரவாதி. வாடகை குறைவு, பிள்ளைகள் அம்மாக்களை இழுத்துக்கொண்டு வந்துவிடும். சிவாஜி படத்தைப் பெரியப்பா தன் ஆசைக்கு எடுப்பார், அதையும் சம்பள வாரத்துக்கு ஒதுக்குவார். வாத்தியார்களும் தாலுகா ஆபீஸ்காரர்களும் சேர் டிக்கெட்டில் வருவார்களே. ரசனை என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஊரின் மடியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று தெரிந்திருந்ததுதான் அவர்களுடைய திறமை.

ஆனால் அவர்களும் முழுச் சுதந்திரத்தோடு எடுத்துவிடவில்லை. பொங்கலுக்கு அந்தப் பெரிய படம் வேண்டுமா, சரி, கூடவே இந்த இரண்டையும் எடுத்துக்கொள் என்பார் விநியோகஸ்தர். அந்த இரண்டும் மதுரையிலேயே ஒரு வாரம் தாண்டாதவை. நீங்கள் குடும்பத்தோடு போய் நொந்துபோய்த் திரும்பிய பல படங்கள் இப்படி ஒட்டிக்கொண்டு வந்தவையாகத்தான் இருக்கும்.

போஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். அட்வான்ஸ் கட்டியதும் போஸ்டரையும் வாங்கி வந்து ஒட்டிவிடுவார்கள். ஆனால் தேதி உறுதியில்லை. முன்னால் எடுத்த ஊரில் படம் நன்றாகப் போனால் அங்கேயே நீட்டிப்பார்கள். அல்லது வேறொரு ஊர்க்காரர் கூடுதலாகக் கொடுத்துப் பெட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அட்வான்ஸ் அடுத்த படத்துக்குக் கழியும், போஸ்டர் சுவரிலேயே கிடக்கும்.

பெட்டி வந்து சேர்வது அதைவிடப் பெரிய கதை. முந்தைய ஊரில் இரண்டாம் ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும். ரீல்களைச் சுற்றி, தகரப் பெட்டியில் அடுக்கி, விடிகாலை பஸ்ஸின் மேலே ஏற்ற வேண்டும். பஸ் பழுதானால் போச்சு. சாயங்காலம் கொட்டகை முன்னால் கூட்டம் நிற்க, மேனேஜர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். அடுத்தடுத்த இரண்டு ஊருக்கு ஒரே பிரதி என்றால் இன்னும் கூத்து. இங்கே ஆட்டத்தை முன்கூட்டியே ஆரம்பித்து, ஓடி முடிந்த ரீல்களை சைக்கிளில் அந்த ஊருக்கு அனுப்புவார்கள். பஞ்சர் ஆனால் அங்கே கதாநாயகி பாதிப் பாட்டில் நிற்பாள். ஏற்கெனவே ஒற்றை மெஷின் கொட்டகையில் ரீல் மாற்ற மாற்ற இடைவேளைதான், அதனால் ஜனங்களுக்கு முதலில் வித்தியாசமே தெரியாது. அரை மணி ஆனபிறகுதான் சத்தம் ஆரம்பிக்கும். பெட்டி தாமதித்தால் கைகொடுப்பது ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல். கட்டாயம் போட்டாக வேண்டும், வாடகையும் கட்ட வேண்டும் என்பதால் மேனேஜர்கள் திட்டிக்கொண்டே போடுவார்கள். அன்றைக்கு மட்டும் பழைய வெள்ள நிவாரணத்தைக்கூட மறுபடி ஓட்டுவார்கள்.

பெர்சன்டேஜ் படமென்றால் பெட்டியோடு ஒரு ஆளும் வருவார். ரெப். விநியோகஸ்தரின் கண். டிக்கெட் புத்தகத்தின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் குறித்து டி.சி.ஆரில், அதாவது தினசரி வசூல் கணக்கில், கையெழுத்துப் போடுவார். வாசலில் கிழிக்காமல் வாங்கிய டிக்கெட் மறுபடி கவுன்டருக்கே போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பார்க்காமல் இருக்கும்படி இரவுச் சாப்பாட்டைக் கவனிப்பது சில மேனேஜர்களின் வேலை. பெரியப்பா அப்படியெல்லாம் செய்தாரா என்று பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

உங்களுடைய இரண்டாம் நாள் மாற்றத்துக்கும் அந்த டி.சி.ஆர்.தான் காரணமாக இருக்கும். வசூல் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் படத்தை நிறுத்திவிடலாம் என்று பேசியிருப்பார்கள். மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சிக்கும் கரண்டுக்கும் ஆள் கூலிக்கும் தேறாத ஆட்டத்தை ஓட்டுவதைவிட, ஆபீஸில் சும்மா கிடக்கும் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து போடுவது லாபம்.

2000-க்குப் பிறகு டிஜிட்டல் வந்து பெட்டி ஒழிந்தது. இன்று உங்கள் ஊரில் தியேட்டர் இருந்தால் மதுரையில் வெளியாகும் அன்றைக்கே அங்கும் வெளியாகும். உங்கள் தலைமுறையின் பெரிய மனக்குறை தீர்ந்துவிட்டது. ஆனால் முதல் மூன்று நாள் வசூலை நம்பி எல்லா ஊரிலும் ஒரே நாளில் இறக்குவதால் ஊருக்கு ஏற்ற வாரம், ஊருக்கு ஏற்ற படம் என்று யோசிக்க யாருக்கும் இடமில்லை. படம் சுமாரென்ற பேச்சு உங்கள் ஊருக்கு எட்டுவதற்குள் உங்கள் காசு போயிருக்கும். முன்பு பெருந்தோல்விகள் உங்கள் ஊர் வரை வருவது குறைவு. அந்த ஒட்டுப்படங்களைத் தவிர, நடுவழியிலேயே செத்துவிடும். இரண்டில் எது மேல் என்றால் நான் தாமதத்தைத்தான் சொல்வேன், நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் கொட்டகை முதலாளியின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருந்தால் பழைய டி.சி.ஆர். புத்தகங்கள் கிடக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் படம், எத்தனை நாள், தரைக்கு எத்தனை பேர், சேருக்கு எத்தனை பேர், வரி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பெரியப்பா வேலை பார்த்த கொட்டகையில் எல்லாவற்றையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள். கிடைத்தால் படமெடுத்து அனுப்புங்கள். முதலில் ஆடி மாதப் பக்கங்களை.