மிகோஷி தூக்க கூப்பிட்டா போங்க தம்பி

தம்பி, டோக்கியோ மொன்சென் நகாச்சோல வீடு எடுத்து ரெண்டு மாசம்தான் ஆச்சு, பக்கத்து வீட்டு தாத்தா ஆகஸ்ட் திருவிழாவுல மிகோஷி, அதாவது சாமி பல்லக்கு, தூக்க வர்றியானு கேக்குறாரு, பாஷையும் வராது, நம்ம சாமியும் இல்ல, போலாமானு கேட்டிருந்தீங்க. கண்டிப்பா போங்க. நான் 2011ல இருந்து இதே ஏரியா, 2014 திருவிழாவ பால்கனில நின்னு போட்டோ எடுத்ததோட சரி, லிஃப்ட்ல தலைய ஆட்டுறத தாண்டி யார்கிட்டயும் பேசுனதில்ல. 2017ல தோள் குடுத்தேன், அதுக்கப்புறம்தான் தெருவுல பேர் சொல்லி கூப்பிட ஆரம்பிச்சாங்க.

தொமியோகா ஹாச்சிமான் கோயில் திருவிழா பெரிய அளவுல 3 வருஷத்துக்கு ஒரு தடவதான், 2020ல வரவேண்டியது கொரோனாவால தள்ளிப்போய் 2023லதான் நடந்துச்சு, அதனால இத விட்டா ரொம்ப நாள் காத்திருக்கணும். சாமிய தெருவுக்கு கூட்டிட்டு வர ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மிகோஷி, 50க்கு மேல காலைலயே வரிசையா கிளம்பும், வழி நெடுக ஜனங்க வாளி வாளியா தண்ணிய ஊத்துவாங்க, "வாஷ்ஷோய்"னு கத்திக்கிட்டே போகணும், அந்த ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும். நம்ம ஊர்ல சப்பரம் தூக்கியிருந்தா தோளுக்கு பழக்கம் இருக்கும். நீங்க உயரம்னா எடை உங்க மேலதான் இறங்கும், உங்க உயரத்து ஆளுங்க பக்கத்துல நில்லுங்க.

மதம் என்னனு என்னை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மனசு ஒப்பலன்னா தூக்காம தண்ணி ஊத்துற பக்கம் நின்னாலும் சந்தோஷப்படுவாங்க.

ஆனா அன்னிக்கு ஒரு நாள் மட்டும் போய் நிக்காதீங்க. எல்லாத்தையும் நடத்துறது சோனாய்காய், அதாவது பேட்டை சங்கம். முந்தின வாரம் பந்தல் போடுறது, விளக்கு கட்டுறது, சோத்து உருண்டை பிடிக்கிறது, முடிஞ்சதும் தெரு கூட்டுறது, அங்கதான் பழக்கம் உண்டாகும். தீ விபத்து ஒத்திகை, நிலநடுக்க ஒத்திகை நடத்துறதும் இதே ஆளுங்கதான். 2019 அக்டோபர்ல பெரிய புயல் வந்தப்ப அறிவிப்பு ஒண்ணும் புரியாம கைக்குழந்தையோட உக்காந்திருந்தோம், 2017ல எனக்கு முன்னாடி தூக்குன பெரியவர் கதவ தட்டி, தொட்டில தண்ணி பிடிச்சு வை, பாதுகாப்பா தங்க எந்த ஸ்கூலுக்கு போகணும்னு நான் காட்டுறேன்னு சொன்னாரு. அவர் பேர் கூட எனக்கு அன்னிக்குதான் தெரியும்.

பேட்டையோட ஹன்டென் சட்டை இல்லாம தூக்க விடமாட்டாங்க, தாத்தாகிட்ட இப்பவே சைஸ் சொல்லி வைங்க, இரவல் தருவாங்க. கால் அளவையும் சொல்லுங்க, தாபி செருப்பு நம்ம சைஸ்ல சட்டுனு கிடைக்காது. மறுநாளுக்கு ஆபிஸ்ல லீவு சொல்லிருங்க, தோள் வீங்கிரும்.