முடியை அளந்த பெண்ணை நீட் கோச்சிங்குக்கு அனுப்பாதீர்கள்

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வாரம் மனைவியோடும் மகளோடும் தருமபுரிக்கு வந்து, மகளின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு என்னைப் பார்த்தார். மகள் அரசுப் பள்ளியில் பயோ-மேத்ஸ் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். நீட் ஒருமுறை எழுதி மதிப்பெண் போதவில்லை. "இன்னொரு வருஷம் எழுதட்டும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் நிச்சயம்" என்கிறார் பெங்களூரில் இருக்கும் தாய்மாமன். கோச்சிங், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். அம்மாவின் நகையை அடகு வைப்பதென்று ஏறக்குறைய முடிவே ஆகிவிட்டது.

"பொண்ணு பிசிக்ஸ்தான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறா சார். அதைப் படிச்சா டியூஷன்தானே எடுக்க முடியும்?"

வழக்கமாக இந்த இடத்தில் "கவலைப்படாதீங்க, பொறுமையா யோசிப்போம்" என்று ஆரம்பிப்பேன். அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

கடையில் வாங்கிய சிவப்பு லேசர் பாயிண்டர். அட்டையில் ஓட்டை போட்டு, குறுக்கே தன் முடி ஒன்றை ஒட்டி, அதன் மேல் ஒளியை அடித்திருக்கிறாள். 3 மீட்டர் தள்ளிச் சுவரில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி விழுந்திருக்கின்றன. இருட்டுக்கும் இருட்டுக்கும் நடுவே 2.8 சென்டிமீட்டர். ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். கணக்குப் போட்டால் முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், அதாவது 0.07 மில்லிமீட்டர். அடுத்த பக்கத்தில் அம்மாவின் முடி, அதற்கடுத்து பாட்டியின் நரைமுடி. பாட்டிக்கு மட்டும் நாலு அளவு இருந்தது. ஏன் என்று கேட்டேன். "ஃபேன் காத்துல முடி ஆடிடுச்சு சார், முதல் ரெண்டை நம்ப முடியல" என்றாள்.

உயிரியல் பிடிக்குமா என்று கேட்டதற்கு அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அண்ணா, நகையை வைக்காதீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு நல்ல திட்டம்தான், ஆனால் மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு. தன் அளவையே சந்தேகப்பட்டுத் திரும்ப அளக்கிற புத்தியைக் கோச்சிங் சென்டரில் காசு கொடுத்து வாங்க முடியாது. அதைக் கெடுக்க வேண்டுமானால் ஒரு வருஷம் போதும். இன்ஜினியரிங் கவுன்சிலிங் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அது உங்கள் மச்சானுக்கே அத்துப்படி. 'குவாண்டம்' என்ற வார்த்தையைத் தலைப்பில் ஒட்டி லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்கும் தனியார் பட்டப்படிப்பு எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

யாரும் சொல்லாத வழி ஒன்று உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி இயற்பியல். வருஷச் செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆயிற்று.

ஆனால் அந்தப் பட்டத்தோடு நின்றால் உங்கள் பயம் நியாயமானதுதான். குறி வைக்க வேண்டியது மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் வரும் ஜாம் (JAM) தேர்வை, எம்.எஸ்சி சேர்க்கைக்கு ஐஐடிகள் நடத்தும் நுழைவுத் தேர்வு அது. 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். கணித முறைகள், இயக்கவியல், அலையும் ஒளியும், மின்காந்தவியல், வெப்பவியல், நவீன இயற்பியல், திடப்பொருளும் மின்னணுவும் என்று ஏழு பகுதி. எல்லாம் பி.எஸ்சி பாடம்தான், ஆனால் மனப்பாடத்துக்கு மசியாது. எண்ணாகவே விடை எழுதும் 20 கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, அவள் மாதிரிப் பிள்ளைகளுக்கு மார்க் விழும் இடம் அது. தேர்வு ஆங்கிலத்தில்தான். ஆகவே முதல் செமஸ்டரிலிருந்தே பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் (NPTEL) வீடியோக்களும் பழைய வினாத்தாள்களும் இணையத்தில் இலவசம். இதற்கும் ஒரு கோச்சிங் தேடாதீர்கள். அப்புறம், அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு இரண்டாம் வருஷமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெரிய ஆய்வகத்துக்குள் காலடி வைக்க அதைவிட நல்ல வாசல் இல்லை.

ஜாமில் நல்ல ரேங்க் வந்தால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. அதைவிட எனக்குப் பிடித்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், எம்.எஸ்சியும் பிஎச்.டியும் ஒரே படிப்பாக வரும் ஒருங்கிணைந்த பிஎச்.டி. நேர்காணலும் உண்டு. அங்கே இந்த நோட்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அங்கே போய் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். குவாண்டம் பொருட்கள் என்று ஒரு வகை. எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடாமல் கூட்டமாக நடந்துகொள்ளும் பொருட்கள். மின்தடையே இல்லாத மீக்கடத்திகள் அதில் ஒன்று. அப்படி ஒரு படிகத்தை உலையில் வளர்த்து, திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி அளவுக்குக் குளிரவைப்பார்கள். ஒரு லேசர் துடிப்பால் அதைத் தட்டுவார்கள். இன்னொரு துடிப்பைச் சற்றே தாமதமாக அனுப்பி, தட்டிய பிறகு எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள். அந்தத் தாமதம் 100 ஃபெம்டோ விநாடி, அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அதற்கு எந்தக் கடிகாரமும் கிடையாது. ஒரு கண்ணாடியை 15 மைக்ரான் பின்னால் நகர்த்தினால், ஒளி போய்த் திரும்பும் தூரம் 30 மைக்ரான் கூடி அந்தத் தாமதம் வந்துவிடும். 15 மைக்ரான் என்பது உங்கள் மகளின் முடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆய்வகத்திலும் காற்று அடித்தால் அளவு கெடும். மேசையையே மூடி வைத்திருப்பார்கள்.

வேலை? 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு 6,003 கோடி ரூபாய்க்கு தேசிய குவாண்டம் திட்டத்தை ஒப்புக்கொண்டது. அதன் நான்கு மையங்களில் ஒன்று இதே பெங்களூர்க் கழகத்தில் இருக்கிறது. லேசர் ஆராய்ச்சிக்கு இந்தூரில் ராஜா ராமண்ணா மையம் உண்டு. உதவிப் பேராசிரியர் ஆனால் கல்லூரியில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, ஐஐடியில் 1,01,500.

காலத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி 3 வருஷம், ஒருங்கிணைந்த பிஎச்.டி ஆறேழு வருஷம், அதன்பின் இரண்டு மூன்று வருஷம் எங்காவது வெளியில் ஆராய்ச்சி. நிரந்தர வேலை வரும்போது முப்பது தாண்டியிருக்கும். நடுவில் "கல்யாணத்துக்கு நேரமாச்சு" என்று இழுத்து வர நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு படிப்பு பார்க்கலாம். பணத்தை நினைத்து மட்டும் பயப்பட வேண்டாம். பிஎச்.டி ஆய்வுக் கட்டம் தொடங்கியதும் உதவித்தொகை மாதம் 37,000, பிறகு 42,000. அதில் கடன் வாங்க எதுவுமில்லை.

வருஷத்தில் ஒரு நாள் அந்தக் கழகம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், உள்ளே போகக் காசு இல்லை. அன்று மண்டிக்கு லீவு விட்டு மகளோடு போய் வாருங்கள். மச்சானையும் கூட்டிக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தானே.