பந்து கையை விட்டுப் போகும்வரை

கேள்வி: எங்கள் ஊர் டென்னிஸ் பந்துப் போட்டியில், பந்து போடுமுன்பே கோட்டைத் தாண்டிய, பவுலர் பக்கம் நின்ற ரன்னரை பவுலர் ஸ்டம்பைத் தட்டி அவுட்டாக்கினார். ‘ஒரு தடவ சொல்லிட்டு எடுத்திருக்கலாம்லா’ என்று பெரிய தகராறு. இரண்டடி நகர்ந்ததற்கு விக்கெட்டே போக வேண்டுமா? ஓடிய ரன்னைக் கழித்தால் போதாதா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: போதாது. முதலில் எச்சரிக்கை விஷயம். சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் இந்தியாவின் வினூ மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படித்தான் வெளியேற்றினார். மன்கட் மீது தவறில்லை என்று சொன்னவர், எதிரணித் தலைவர் பிராட்மன். 2022 அக்டோபரில், இப்படி அவுட்டாக்கும் விதியை ‘முறையற்ற ஆட்டம்’ பகுதியிலிருந்து எடுத்து, 38-ஆம் சட்டமான ரன் அவுட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். அதே ஆண்டு டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டத்தில், நம் திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்திலேயே இப்படி ஒரு விக்கெட் விழுந்தது.

இனி ரன் கழிப்பு. கோட்டுக்குக் கோடு 58 அடி. மூன்றடி முன்னால் போனவர் ஓடுவது 55 அடி. அதையும் நின்ற இடத்திலிருந்து கிளம்பாமல், ஓட்டத்தோடு ஓடுகிறார். கடைசி ஓவரில் ஒன்றை இரண்டாக்குவது இந்த மூன்றடிதான். ரன்னை மட்டும் கழித்தால் அவருக்கு என்ன நஷ்டம்? பிடிபட்டால் வராத ரன் போகும், பிடிபடாவிட்டால் லாபம். ஆகவே ஒவ்வொரு பந்துக்கும் துணிவார். போதாக்குறைக்கு, அந்த நொடியில் பவுலரின் முன்கால் நோ-பாலா என்று அம்பயர் பார்த்துக்கொண்டிருப்பார். ரன்னரின் மட்டையை அளக்க அவருக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். கேமராவும் மூன்றாவது நடுவரும் உள்ள ஆட்டத்தில் ரன் கழிப்பைக் கூடுதல் தண்டனையாக வைக்கட்டும், வரவேற்கிறேன். ரன் அவுட்டுக்கு மாற்றாக வேண்டாம்.

பவுலருக்கும் எல்லை உண்டு. பந்துவீசும் கை உச்சிக்குப் போய்விட்டால் அதன்பின் ஸ்டம்பைத் தட்டினாலும் அவுட் இல்லை. 2023 ஜனவரியில் மெல்போர்னில் பவுலர் ஆடம் ஸாம்பா இப்படிக் கேட்ட அவுட் இதனால்தான் மறுக்கப்பட்டது. உங்கள் ஊர்த் தகராறில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கை எங்கே இருந்தது என்பதுதான். பவுலர் தட்டப் போய் அவுட் ஆகவில்லை என்றால் டெட் பால், அதாவது செல்லாத பந்து. அது ஓவரில் கணக்கில் வராது.

ரன்னர் தப்பிக்க வழி எளிது. பவுலரைப் பார்த்து நில்லுங்கள். கோட்டுப் பக்கம் இருக்கும் கையில் மட்டையைப் பிடித்து, நுனியைக் கோட்டுக்குப் பின்னால் தரையில் ஊன்றுங்கள். கையும் மட்டையும் நீண்டால் கால் மூன்றடிக்கு மேல் முன்னால் இருந்தாலும் நீங்கள் உள்ளேதான். பார்வை பவுலரின் விரலில் இருக்கட்டும். பந்து விடுபட்டதைக் கண்டபிறகு மட்டையை எடுங்கள். பேட்ஸ்மேனைப் பார்த்தபடி பழக்கத்தில் நடப்பவர்தான் மாட்டுகிறார்.

போட்டி நடத்துபவர்களுக்கு ஒன்று. சுண்ணாம்புக் கோட்டின் பின் ஓரம்தான் எல்லை. கோட்டின் மேல் மட்டை இருந்தால் அது வெளியே. செம்மண் தரையில் சில ஓவர்களிலேயே கோடு காலில் தேய்ந்து, இரண்டு விரல் அகலம் நான்கு விரலாகப் பரவிவிடும். இன்னிங்ஸ் இடைவேளையில் கயிறு கட்டி மறுபடி போடுங்கள்.