கீசர் போட்டால் வீடு முழுக்க கரண்ட் போகிறது: நேர் லைன் கொடுக்கலாமா?

கேள்வி: கோவை வடவள்ளியில் இருக்கிறோம். எங்கள் 15 லிட்டர் கீசருக்கு ஆறு வயது. போர் தண்ணீர்தான் அதற்கு வருகிறது. ஒரு மாதமாக உள்ளே அரிசி பொரிவது மாதிரி சத்தம். ஒரு வாளி நிறைவதற்குள் வெந்நீர் ஆறிவிடுகிறது. போன வாரத்திலிருந்து கீசர் போட்ட ஐந்து நிமிடத்தில் வீடு முழுக்க கரண்ட் போய்விடுகிறது. அதை நிறுத்திவிட்டால் போர்டில் இருக்கும் ட்ரிப்பர் விழாமல் நிற்கிறது. வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன், "கீசர் நல்லாத்தான் இருக்குங்க, ட்ரிப்பர்தான் ஓவரா தட்டுது. கீசருக்கு மட்டும் ட்ரிப்பரைத் தாண்டி நேர் லைன் கொடுத்துடலாம்" என்கிறார். கொடுக்கலாமா? இல்லை, புது கீசரே வாங்கிவிடலாமா?

பதில்: நேர் லைன் கொடுக்க விடாதீர்கள், சகோதரி. புது கீசரும் இப்போதைக்கு வேண்டியதில்லை. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் உங்கள் ட்ரிப்பர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாகக் குளித்துவிட்டு வெளியே வருவதற்கு இந்த ஒரு வாரமாக அதுதான் காரணம்.

கீசருக்குள் தண்ணீரைச் சுட வைக்கும் 'காயில்' என்பது வெறும் கம்பி கிடையாது. செம்புக் குழாய்க்குள் மெல்லிய நிக்ரோம் கம்பி சுருண்டு கிடக்கும். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கித் திணித்திருப்பார்கள். சூட்டை வெளியே விட்டு, கரண்டை உள்ளேயே பிடித்து வைப்பது அந்தப் பொடியின் வேலை. அது காய்ந்திருக்கும்வரை குழாயைச் சுற்றியிருக்கும் தண்ணீருக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

போர் தண்ணீர் கெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். சிறுவாணித் தண்ணீரில் பருப்பு சட்டென்று வேகும், போர் தண்ணீரில் வேகாது என்பது கோவைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பருப்பை வேகவிடாத அதே சுண்ணாம்பு உப்பு, தண்ணீர் சூடானதும் பிரிந்து காயில் மேல் ஓடாகப் படிகிறது. சூடு வெளியே போக வழியில்லாமல் குழாய் அளவுக்கு மீறிக் காய்கிறது. ஓட்டுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெடிப்பதுதான் நீங்கள் கேட்ட பொரியும் சத்தம். வெந்நீர் குறைந்ததற்கும் இந்தப் படிவே காரணம். காயிலை ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட் அந்த அதிகச் சூட்டை உணர்ந்து, டாங்கில் இருக்கும் தண்ணீர் முழுவதும் காய்வதற்கு முன்பே கரண்டை நிறுத்திவிடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் 2000 வாட் காயில், 25 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை ஏறத்தாழ 20 நிமிடத்தில் 60 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக் காய்ந்து காய்ந்து ஒரு நாள் குழாயில் மயிரிழை அளவு கீறல் விழும். அதன் வழியே தண்ணீர் இறங்கிப் பொடி நனைந்தால் கரண்ட் கசியத் தொடங்கும். ஆர்சிசிபி என்கிற உங்கள் ட்ரிப்பர், போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். பக்கத்தில் இருக்கும் எம்சிபி, அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச், இதைக் கண்டுகொள்ளாது. 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அதற்கு உறைக்கும், இந்தக் கசிவைப் போல் 500 மடங்குக்கும் மேல். போட்டதும் விழாமல் ஐந்து நிமிடம் கழித்து விழுகிறது என்றீர்களே, அது முக்கியமான தடயம். காயில் சூடாகி விரியும்போதுதான் கீறலும் திறந்துகொள்கிறது.

எலெக்ட்ரீஷியன் ஏமாந்தது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். காயில் இன்னும் அறுந்து போகவில்லை. தண்ணீரையும் சுட வைக்கிறது. ட்ரிப்பரைத் தாண்டி லைன் கொடுத்தால் வெந்நீர் வரும், வேலை முடிந்த மாதிரியும் தெரியும். கசிவு மட்டும் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு அது எர்த் கம்பி வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். சித்திரை வைகாசியில் எர்த் குழி காய்ந்து கிடந்தாலோ, சாக்கெட்டில் எர்த் கம்பி கழன்றிருந்தாலோ அந்தக் கரண்ட் தேடும் அடுத்த வழி, ஈரத் தரையில் நின்று குழாயைத் திருகுகிறவரின் உடம்பு.

இப்படி நேர் லைன் கொடுத்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். குழாயைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது என்று ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி முதல் பள்ளிக்கூடம் போகும் பேரன் வரை எல்லோரும் அப்படித்தான். எர்த் கம்பி பாதி அரித்துப் போயிருந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கிறேன், அன்றைக்குப் போல் என் கை நடுங்கியதில்லை. உங்கள் வீட்டில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது, கீசர் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வைப்பது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சாதாரண சுவிட்ச், கரண்ட் வருகிற பேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் இணைப்பு இருந்துகொண்டே இருக்கும், அந்தப் பக்கக் கசிவினாலும் ட்ரிப்பர் விழலாம். பிளக் இல்லாமல் நேராக ஒயரிங் செய்திருந்தால், பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் எம்சிபியானால் அதை இறக்கி வையுங்கள்; பேஸை மட்டும் துண்டிப்பதானால் அதை இறக்கிவிட்டு, மெக்கானிக்கை விட்டு இரண்டு கம்பியையும் கழற்றச் சொல்லுங்கள். பிடுங்கிய பிறகு இரண்டு நாள் ட்ரிப்பர் விழாமல் நின்றால் கோளாறு கீசரில்தான். அப்போதும் விழுந்தால் வீட்டு ஒயரிங்கையோ வேறு சாதனத்தையோ பார்க்க வேண்டும்.

மூடியைக் கழற்றும் வேலை உங்களுடையது அல்ல, மெக்கானிக்குடையது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 26 ஓம் அளவில் காட்டும். அதைப் பார்த்துவிட்டு "காயில் நல்லா இருக்கு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்து காயில் முனைக்கும் கீசர் உடம்புக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எந்த அளவும் காட்டக் கூடாது. உங்கள் கீசர் மாதிரி சூட்டில் மட்டும் கசிகிற காயில் சாதாரண மீட்டருக்குத் தப்பிவிடும். 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெக்கர் இருக்கிறவரைக் கூப்பிடுவது நல்லது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பங்குனியில் நிறுத்திய கீசரை மார்கழியில் முதல் தடவை போட்டதும் ட்ரிப்பர் விழுந்தால், காயில் முனையில் இருக்கும் பொடி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்திருக்கலாம். கழற்றி நன்றாகக் காய வைத்து, மெக்கரில் சரியாகக் காட்டினால் அதே காயிலைத் திரும்பப் போடலாம். உங்களுடையது அந்த வகை இல்லை, காயிலை மாற்றத்தான் வேண்டும்.

காயிலை மாற்றுவதோடு, மூடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் ஆனோட் ராடையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆனோட் ராடு ஒரு மெக்னீசியக் கம்பி. டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். ஆறு வருடப் போர் தண்ணீரில் பெரும்பாலும் நடுக்கம்பி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். டாங்கின் அடியில் சேர்ந்த சுண்ணாம்பைக் கையால் வாரி, தண்ணீர் விட்டு அலசினால் போதும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் உட்பூச்சு விரிசல் விடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் டாங்குக்கு எமன்.

டாங்கே ஒழுகினால்தான் புது கீசர். கீழ் மூடியிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் சொட்டினால் அதற்கு மருந்தில்லை. பக்கத்து வால்வில் சூடாகும்போது இரண்டு சொட்டு விழுவது இயல்பு. சூட்டில் விரிகிற தண்ணீர் அந்த வழியாக வெளியேறுகிறது. ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள்.

இதே பகுதியில் வேறு சிலர் கேட்டிருந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கீசரில் விளக்கே எரியவில்லை என்றால் முதலில் பிளக்கையும் சாக்கெட்டையும் பாருங்கள், கருகியிருக்கலாம். அவை நன்றாக இருந்தால், சூடு மீறும்போது கரண்டை நிறுத்தும் கட்-அவுட் விழுந்திருக்கும். அதை அமுக்கிவிட்டாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது. சூடேற்றும் விளக்கு எரிந்தும் பச்சைத் தண்ணீரே வந்தால் காயில் அறுந்திருக்கும். கீசர் சரியாக இருந்தும் வெதுவெதுப்பாகவே வந்தால் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் மிக்ஸர் குழாயைச் சந்தேகியுங்கள். கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். அப்போதும் தண்ணீர் நிற்காமல் வந்தால் பச்சைத் தண்ணீர் மிக்ஸருக்குள் கலக்கிறது. அதற்குக் கூப்பிட வேண்டியது பிளம்பரை.

உங்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். புது காயில் போட்டதும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக விழுந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வெறும் டாங்கில் காயில் சில நிமிடத்தில் கருகிவிடும். தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியிலிருந்து 55-க்கு இறக்கி வைத்தால் சுண்ணாம்பு படிவது நன்றாகக் குறையும். எர்த்தையும் அன்றைக்கே சோதிக்கச் சொல்லிவிடுங்கள். கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ட்ரிப்பரில் 'டி' என்று போட்ட பொத்தானை மாதம் ஒரு தடவை அமுக்கி, விழுகிறதா என்று பாருங்கள்.

வேலை முடியும்வரை வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வாளியில் போடும் ராடு ஹீட்டர் வாங்க நினைத்தால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.