பச்சைக்கு மேல் பச்சை வேண்டாம்

கேள்வி: பினாங்கு தாவரவியல் பூங்காவில் மழை விட்டதும் மரங்களுக்கு நடுவே போகும் பாதையைக் கைப்பேசியில் எடுத்தேன். காலை 11 மணி இருக்கும். நேரில் அவ்வளவு அழகு. படத்திலோ சப்பென்று இருக்கிறது. எந்த வண்ண ஃபில்டர் போட்டால் உயிர் வரும்? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: உங்கள் படத்தைப் பார்த்தேன். நிறம் போதவில்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ பச்சைதான் கூடிப்போனதாகத் தெரிகிறது. இலை, புல், பாசி எல்லாம் ஒரே பச்சை. கண் எங்கே போய் நிற்பது? இதில் நிறச் செறிவையும் ஏற்றினால் காடு பாண்டான் கேக் ஆகிவிடும்.

அதனால் முதலில் பச்சையைக் குறையுங்கள். இலைகளின் ஊடே வடிந்து வரும் வெளிச்சமே பச்சையாகத்தான் இருக்கும். பாதையின் மண்ணும் மரப்பட்டையும்கூட அந்தச் சாயத்தில் தோய்ந்துவிடும். படம் திருத்தும் லைட்ரூம் செயலியில் 'டின்ட்' ஸ்லைடரை மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். மண், மண் நிறத்துக்குத் திரும்பியதும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் 'கலர் மிக்ஸ்' போய்ப் பச்சையின் செறிவை 15, 20 அளவுக்கு இறக்குங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான்: நமக்குப் பச்சையாகத் தெரியும் இலைகளில் பல மஞ்சள் ஸ்லைடருக்குத்தான் அசையும். மஞ்சளின் ஒளிர்வைச் சற்றே ஏற்றிப் பாருங்கள், தளிர்கள் மட்டும் தனியாக எழுந்து நிற்கும்.

சரி, ஃபில்டருக்கு வருவோம். ஃபிலிம் காலத்தில் லென்ஸின் முன்னால் 81ஏ, 85 போன்ற தேன்நிறக் கண்ணாடிகளை மாட்டுவார்கள். போட்டோஷாப்பில் உள்ள 'வார்மிங் ஃபில்டர் 85' அதே எண்ணைத்தான் சுமக்கிறது. திறந்ததும் அடர்த்தி 25 சதவீதம் என்று காட்டும். காட்டுப் படத்துக்கு 10, 15 போதும். ஆனால் முழுப் படத்துக்கும் பூசினால் நிழலெல்லாம் தேத்தண்ணீர் கொட்டியதுபோல் ஆகிவிடும். உங்கள் படத்தில் பாதை வளையும் இடத்தில் ஒரு துண்டு வெயில் விழுந்திருக்கிறதே, அங்கே மட்டும் சூடேற்றுங்கள். ஸ்நாப்சீட் செயலியில் 'பிரஷ்' கருவியில் 'டெம்பரேச்சர்' இருக்கிறது, விரலாலேயே தடவலாம். நிழல் குளிர்ச்சியாகவே கிடக்கட்டும். வெயிலில் மஞ்சள், நிழலில் லேசான நீலம் என்று இரண்டும் பிரிந்தால்தான் படத்தில் ஆழம் தெரியும். ஒரே தட்டலில் மாறும் ரெடிமேட் ஃபில்டர்கள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான்: அவற்றுக்கு வெயிலும் தெரியாது, நிழலும் தெரியாது.

முடிந்தால் ரா கோப்பில் (கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். கொஞ்சம் இழுத்தாலே திட்டுத்திட்டாகிவிடும். 12 பிட் ராவில் 4096 படிகள்.

நேரத்தையும் பாருங்கள். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்குமேல் முன்னால் ஓடுகிறது. பினாங்கில் உச்சிவெயில் 1:15 வாக்கில்தான். ஆக 9 மணிக்குள் போனால் சாய்ந்த வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது. மழைக்குப்பின் ஈர இலைமேல் வானம் வெள்ளையாகப் பிரதிபலிக்கிறது. அந்த இடத்தில் இலையின் நிறம் பதிவாகவே இல்லை. அதற்கு லென்ஸின் முன்னால் மாட்டிப் பளபளப்பை அடக்கும் போலரைசர் ஃபில்டர்தான் வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), கையை ஆட்டாமல் பிடியுங்கள். காசு செலவழிக்கும் முன் சோதிக்க வேண்டுமா? போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி வீட்டில் இருந்தால் அதன் ஒரு கண்ணைக் கைப்பேசி லென்ஸின் முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் வெள்ளைப் பளபளப்பு அடங்கி, இலையின் நிறம் திரையிலேயே வெளிவரும்.